செட்டிநாட்டு வீட்டில் கேமிங் கம்ப்யூட்டர்: பிளக் பாயிண்டிலிருந்து டிஸ்ப்ளே வரை

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்?" நான் திருப்பிக் கேட்பது, "கம்ப்யூட்டர் வைக்கப்போகிற அறையின் பிளக் பாயிண்டுக்கு எர்த் வருகிறதா?" சிலருக்கு எரிச்சல்கூட வரும். ஆனால் யூடியூபில் பார்க்கும் பில்டுகள் பெரும்பாலும் பெரிய நகரத்து ஃபிளாட்டிலோ வெளிநாட்டிலோ செய்தவை. சுவரிலிருந்து வரும் கரண்ட்டைப் பற்றி அவர்கள் யோசிப்பதே இல்லை. நம் ஊர் வீடுகளில் பாதி, மின்சாரம் வருவதற்கு முன்னால் கட்டியவை. ஒயரிங் பிறகு வந்தது, எர்த் அதற்கும் பிறகு வந்தது, சில அறைகளுக்கு வரவே இல்லை. அதனால் இந்த வழிகாட்டி சுவரில்தான் தொடங்குகிறது. பார்ட்ஸ் பட்டியல் அப்புறம்.

படி 1: பிளக் பாயிண்ட்

கேபினட்டின் மேல் கை வைத்தால் 'சுர்' என்று இழுக்கிறது என்ற புகார் இங்கே சகஜம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வெறுங்காலோடு நின்றால் இன்னும் நன்றாகவே தெரியும். பலர் எஸ்.எம்.பி.எஸ் (கம்ப்யூட்டருக்குள் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பழுது என்று நினைத்து மாற்றிப் பார்ப்பார்கள், புதியதும் அதேபோல இழுக்கும்.

காரணம் இதுதான். எஸ்.எம்.பி.எஸ்-க்குள் கரண்ட் நுழையும் இடத்தில் ஒரு ஃபில்டர் இருக்கிறது. அதில் பேஸிலிருந்து உலோகப் பாடிக்கு ஒரு சின்ன கெப்பாசிட்டர், நியூட்ரலிலிருந்து பாடிக்கு இன்னொன்று. எர்த் இருந்தால் அந்த வழியாகக் கசியும் துளி கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேபினட் அந்த இரண்டுக்கும் நடுவில் தொங்கும், 230 வோல்ட்டில் பாதி அளவு அதன் மேல் நிற்கும். டெஸ்டர் வைத்தால் எரியும். இந்தக் கசிவு மட்டும் ஆளைச் சாய்க்காது. ஆனால் உள்ளே நிஜமாகவே ஏதாவது ஷார்ட் ஆனால் காப்பாற்ற எதுவும் இல்லை. அதோடு, எர்த் இல்லாத கம்ப்யூட்டரையும் டிவியையும் ஓடும்போதே எச்.டி.எம்.ஐ கேபிளால் இணைக்கும்போது ஒரு சின்னப் பொறியில் போர்ட் போய்விடும் வாய்ப்பு உண்டு.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மல்டிமீட்டரில் மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230-ஐ ஒட்டி இருக்க வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. மல்டிமீட்டர் பலவீனமான எர்த்தையும் நல்லது என்று காட்டிவிடும் என்பதால், பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஒரு குண்டு பல்பைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முழு வெளிச்சம் வந்தால் எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறது. கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் ஆர்.சி.சி.பி பொருத்திய வீட்டில் இந்தச் சோதனை செய்தால் டிரிப் ஆகும், அதுவும் நல்ல அடையாளம்தான். இது எலக்ட்ரீஷியன் வேலை, நீங்களே இறங்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் அனுமதிக்காதீர்கள். "எர்த் இல்லைன்னா என்ன தம்பி, நியூட்ரல்லேயே ஒரு துண்டு ஒயர் போட்டு லிங்க் பண்ணிடலாம்" என்று சிலர் சொல்வார்கள். டெஸ்டர் எரிவது நின்றுவிடும், எல்லோருக்கும் திருப்தி. என்றைக்காவது நியூட்ரல் ஒயர் அறுந்தால் கேபினட் முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும்.

செம்பூராங்கல் மண்ணில் தண்ணீர் நிற்காது. குழாய், கரி, உப்பு எல்லாம் போட்டு முறையாக இறக்கிய எர்த் குழிகூட சித்திரை வைகாசியில் காய்ந்து பலவீனமாகும், அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். அறைக்குப் புது லைன் இழுப்பதானால் சுவரை வெட்ட வேண்டாம். அந்தக் காலத்துச் சுண்ணாம்புப் பூச்சை ஒருமுறை உடைத்தால் அதே வழவழப்போடு பூசித்தர ஆள் கிடைப்பது கஷ்டம். வெளியே பி.வி.சி கேசிங்கில் ஓட்டிவிடலாம். பொது வீடாக இருந்தால் வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய கட்டும்) எல்லாப் புள்ளிக்கும், அதாவது பங்குள்ள எல்லாக் குடும்பத்துக்கும் சொந்தம், அதனால் பங்காளிகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது. இதற்குத் தொழில்நுட்பத் தீர்வு கிடையாது.

படி 2: இன்வெர்ட்டரா, யு.பி.எஸ்ஸா?

வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்தால் அது சைன் வேவ் வகையா என்று பாருங்கள். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் கேமிங் கம்ப்யூட்டரைப் போடாதீர்கள். சைன் வேவ் இன்வெர்ட்டரில் 'யு.பி.எஸ்' என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். சாதாரண நிலையில் விட்டால் கரண்ட் போய் பேட்டரிக்கு மாறும் இடைவெளியில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். நல்ல எஸ்.எம்.பி.எஸ்கூட முழு லோடில் பதினாறு பதினேழு மில்லி செகண்டுதான் மூச்சுப் பிடிக்கும்.

தனி யு.பி.எஸ் வாங்குவதானால் வி.ஏ எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். 600 வி.ஏ என்று எழுதியது பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அது போதும். கேம் ஓடும்போது கரண்ட் போனால், பேட்டரிக்கு மாறிய நொடியே ஓவர்லோடில் கத்திவிட்டு அணைந்துவிடும். 1000 வி.ஏ-க்கு மேல், வாட் அளவு 600-ஐத் தொடுவதாகப் பாருங்கள். யு.பி.எஸ் விளையாடுவதற்கு இல்லை, சேவ் செய்து ஷட் டவுன் செய்வதற்கு.

ஸ்டெபிலைசர் தேவையா? எஸ்.எம்.பி.எஸ் ஸ்டிக்கரில் 100–240 வோல்ட் என்று இருந்தால் தேவையில்லை. சாயங்காலம் வோல்டேஜ் 180-க்கு இறங்கினாலும் அது சமாளிக்கும். விலை குறைந்த பல மாடல்களில் 200–240 என்றுதான் போட்டிருக்கும். ஏழு மணிக்கு மேல் மட்டும் கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்று சொல்பவர்களின் கேபினட்டைத் திறந்தால் இந்த ஸ்டிக்கரை அடிக்கடி பார்க்கலாம்.

இடி மின்னலுக்கு ஸ்பைக் பஸ்டரை நம்பாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையிலும் கோடை மழையிலும் பிளக்கைப் பிடுங்கிவிடுவதே வழி. கூடவே லேன் கேபிளையும் கழற்றுங்கள். பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு, ரூட்டர் வழியாக மதர்போர்டைப் பறிகொடுப்பவர்கள் உண்டு.

படி 3: எந்த அறை?

கீழே வளவைச் சுற்றியுள்ள அறைகள் கனத்த சுவரால் பகலில் குளுமையாக இருக்கும், ஆனால் ஜன்னல் சிறியது. கம்ப்யூட்டர் விடும் வெப்பம் வெளியே போக வழியில்லாமல் மூன்று மணி நேர விளையாட்டில் அறை அடுப்பங்கரையாகிவிடும். பிற்காலத்தில் போட்ட கான்கிரீட் மாடி அறை என்றால் ராத்திரியிலும் தளம் சூட்டைக் கக்கும். இரண்டில் கீழ் அறையே மேல். கதவைத் திறந்துவைத்து, கேபினட்டின் பின்பக்கம் வாசலைப் பார்க்க இருந்தால் போதும். மர அலமாரிக்குள்ளோ சுவரில் பதித்த மாடத்திலோ வைக்காதீர்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

ரிவ்யூவில் சொல்லும் வெப்ப அளவு இருபத்திரண்டு, இருபத்தைந்து டிகிரி அறையில் எடுத்தது. மே மாதத்தில் உங்கள் அறை 36 என்றால் அந்த வித்தியாசத்தை அப்படியே கூட்டிக்கொள்ளுங்கள். அவர்களுக்கு 68 காட்டிய ப்ராசசர் உங்களுக்கு 80-ஐ ஒட்டிக் காட்டும். அது பழுது அல்ல.

அந்தக் கனத்த சுவர் வைஃபைக்கும் எதிரி. முகப்பில் இருக்கும் ரூட்டரின் சிக்னல் வளவுக்குப் பின்னால் உள்ள இரண்டாங்கட்டுக்கு வரும்போது ஒரு கோடுதான் மிஞ்சும். வைஃபை உள்ள மதர்போர்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பாதிக்கு கேட்-6 கேபிள் வாங்கி இழுத்துவிடலாம். ஆன்லைன் விளையாட்டில் இதைவிடப் பெரிய முன்னேற்றத்தை எந்த கிராபிக்ஸ் கார்டும் தராது.

படி 4: பார்ட்ஸ் தேர்வு

கடைசியில் வாங்கலாம் என்று எல்லோரும் தள்ளிப்போடும் எஸ்.எம்.பி.எஸ்ஸை நான் முதலில் எடுப்பேன். கிராபிக்ஸ் கார்டை இரண்டு வருஷத்தில் மாற்றுவீர்கள், நல்ல எஸ்.எம்.பி.எஸ் பத்து வருஷம் கூடவே வரும். '80 பிளஸ்' முத்திரையைக் காட்டிக் கடைக்காரர் பேசுவார். அது எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்பதற்கான அளவு மட்டும், உள்ளிருக்கும் சரக்கின் தரத்துக்கான சான்று அல்ல. வாரண்டி எத்தனை வருஷம் என்று கேளுங்கள். ஐந்து வருஷத்துக்குக் குறைவாகக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்ஸைக் கேமிங்குக்கு எடுக்காதீர்கள். அளவு கணக்கிடுவது சுலபம். ரைசன் 5 7600 அதிகபட்சம் 88 வாட் இழுக்கும், ஆர்.டி.எக்ஸ் 5060 டி.ஐ 180 வாட், மற்றதெல்லாம் சேர்ந்து ஐம்பது, அறுபது. மொத்தம் 330 என்றால் 550 வாட் தாராளம். நாளைக்குப் பெரிய கார்டு போடும் ஆசை இருந்தால் 650. ஆயிரம் வாட் வாங்குவது பெருமைக்குத்தான்.

அடுத்தது கிராபிக்ஸ் கார்டு. மொத்த பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து நாற்பது சதவீதம் வரை இதற்குப் போகலாம். ஆனால் மானிட்டரை முடிவு செய்யாமல் கார்டை முடிவு செய்யக் கூடாது. 1080பி (ஃபுல் எச்.டி) மானிட்டரில் வேலரண்ட், கவுண்டர் ஸ்டிரைக் 2 மட்டும் விளையாடுபவருக்கு ஆர்.டி.எக்ஸ் 4060, 5060, ஆர்.எக்ஸ் 7600 போன்ற, 8 ஜி.பி சொந்த மெமரி உள்ள கார்டு போதும். 1440பி மானிட்டர், பெரிய கதை விளையாட்டுகள் என்றால் 8 ஜி.பி இன்றைக்கே திணறுகிறது. அங்கே 12 அல்லது 16 ஜி.பி. 5060 டி.ஐ, ஆர்.எக்ஸ் 9060 எக்ஸ்.டி இரண்டுமே 8, 16 என்று இரு வகையில் ஒரே பெயரில் விற்கின்றன. பில்லில் ஜி.பி எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இன்டெல் ஆர்க் பி580 12 ஜி.பி-யோடு வருகிறது, விலைக்கு நல்ல கார்டு. ஆனால் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) ரீசைசபிள் பார், அதாவது ப்ராசசர் கார்டின் மெமரி முழுவதையும் ஒரே நேரத்தில் அணுகும் வசதி இல்லாத பழைய மதர்போர்டில் அதைப் போட்டால் வேகம் கணிசமாக விழும். 5060 வகைக் கார்டுகள் எட்டு லேனில்தான் (டேட்டா போகும் பாதை) ஓடும், அதனால் பி.சி.ஐ.இ 3.0 மட்டும் உள்ள பழைய போர்டில் அவையும் கொஞ்சம் இழக்கும்.

ப்ராசசரில் இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு ஏ.எம்.டி-யின் ஏ.எம்.5 சாக்கெட் (மதர்போர்டில் ப்ராசசர் உட்காரும் இடம்) என்பது என் கட்சி. 2022-ல் வந்தது, 2027-க்கும் அப்பால் ஆதரவு உண்டு என்று ஏ.எம்.டி சொல்லியிருக்கிறது. ரைசன் 5 7600 ஆறு கோர், பெட்டியிலேயே கூலர் வருகிறது, சின்னதாக உள்ளேயே கிராபிக்ஸும் இருக்கிறது. 7500எஃப் கொஞ்சம் மலிவு, ஆனால் அந்த 'எஃப்' என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். இன்டெல்லிலும் 12400எஃப் போன்றவற்றில் அதேதான். சர்வீஸ் சென்டர் தூரத்தில் இருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு உள்ளே கிராபிக்ஸ் இருப்பது பெரிய வசதி. கார்டை வாரண்டிக்கு அனுப்பிவிட்டாலும் கம்ப்யூட்டர் ஓடும், பழுது கார்டிலா வேறெதிலா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கவும் முடியும். அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகத் தரலாம்.

செகண்ட் ஹேண்டில் இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை பெரிய ப்ராசசர்கள் கிடைத்தால் யோசித்து வாங்குங்கள். அளவுக்கு மீறிய வோல்டேஜால் அவற்றில் பல நிலைகுலைந்தன. 2024 ஆகஸ்டில் இன்டெல், பயாஸ் அப்டேட் வழியாகப் போடும் மைக்ரோகோடு (ப்ராசசரின் உள் கட்டளைகள்) திருத்தம் வெளியிட்டது, வாரண்டியையும் இரண்டு வருஷம் நீட்டியது. ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போனதை பயாஸ் அப்டேட் சரிசெய்யாது.

ராம் விஷயத்தில் 2025 கடைசியிலிருந்து விலை எகிறிவிட்டது, ஏ.ஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால். போன வருஷத்து வீடியோவில் சொன்ன விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஏ.எம்.5-க்கு டி.டி.ஆர்.5 மட்டும்தான், 6000 வேகம் போதும். 16 ஜி.பி குச்சி ஒன்றைவிட 8 ஜி.பி குச்சி இரண்டு வேகமாக ஓடும். நான்கு ஸ்லாட்டையும் நிரப்பும் ஆசை வேண்டாம், டி.டி.ஆர்.5 நான்கு குச்சியில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பட்ஜெட் ரொம்ப இறுக்கம் என்றால் பழைய டி.டி.ஆர்.4 ராமோடு ரைசன் 5 5600 இன்னும் கௌரவமான தேர்வுதான்.

எஸ்.எஸ்.டி-யில் எம்.2 வடிவம் என்பதாலேயே வேகமான என்.வி.எம்.இ வகை என்று நினைக்காதீர்கள். எம்.2-விலேயே மெதுவான சாட்டா வகையும் உண்டு. அது நொடிக்கு 550 எம்.பி-யைத் தாண்டாது, என்.வி.எம்.இ 3.0 வகை 3500 வரை போகும். விளையாட்டு லோடாவதில் 3.0-வுக்கும் 4.0-வுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. 500 ஜி.பி சீக்கிரம் நிரம்பிவிடும், 1 டி.பி எடுங்கள்.

கேபினட் முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலை வேண்டும். கழற்றிக் கழுவக்கூடிய ஃபில்டர் வேண்டும். செம்மண் தூசியும் சுண்ணாம்புச் சுவர் உதிர்க்கும் பொடியும் சேர்ந்து ரேடியேட்டர் தகடுகளை மூன்று மாதத்தில் அடைத்துவிடும். முன்னால் இரண்டு ஃபேன் காற்றை உள்ளே இழுக்கட்டும், பின்னால் ஒன்று வெளியே தள்ளட்டும். உள்ளே வரும் காற்று அதிகமாக இருந்தால் சந்து பொந்து வழியாகத் தூசி நுழைவது குறையும். பின்பக்கத்தில் பயன்படாத ஸ்லாட்டுகளை மூடிவையுங்கள், பல்லி வரும் வழி அது. பல்லி எஸ்.எம்.பி.எஸ்-க்குள் போனால் இரண்டுக்கும் முடிவுதான், வாரண்டியும் கிடைக்காது.

படி 5: எங்கே வாங்குவது?

எஸ்.எம்.பி.எஸ், கேபினட், மானிட்டர் மூன்றையும் காரைக்குடியிலோ திருச்சி, மதுரையிலோ நேரில் வாங்குவேன். கனமானவை, கூரியரில் அடிபடுபவை. கார்டும் ப்ராசசரும் ஆன்லைனில் விலை குறைந்தால் அங்கே எடுக்கலாம். பிரிப்பதை ஒரே தொடர்ச்சியாக வீடியோ எடுங்கள், லேபிளும் சீரியல் நம்பரும் தெரிய வேண்டும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போகிறவர்கள் பல்லவனில் காலையில் ஏறினால் மதியம் எழும்பூர், அங்கிருந்து பக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

எங்கே வாங்கினாலும் ஜி.எஸ்.டி பில், அதில் சீரியல் நம்பர். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் இருப்பது வெளிநாட்டிலிருந்து வேறு வழியில் வந்த சரக்காக இருக்கலாம், இந்தியாவில் வாரண்டி செல்லாது. அட்டைப்பெட்டி எதையும் தூக்கிப்போடாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் பரணும் அறையும் நிறைந்த வீடு நமக்குச் சாதகம்.

படி 6: பூட்டுவது

பூட்டும் வரிசையை மதர்போர்டு மேனுவல் படம் போட்டே சொல்லும். அதைத் திருப்பி எழுத மாட்டேன். தவறு நடக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

ஏ.எம்.5, இன்டெல் இரண்டிலும் ஊசிகள் மதர்போர்டின் சாக்கெட்டில்தான் இருக்கின்றன. ப்ராசசரை நேராக இறக்கி வையுங்கள், சறுக்கவிடாதீர்கள். லீவரை அழுத்தும்போது கொஞ்சம் பயமாகவே இருக்கும், அழுத்துங்கள். பிளாஸ்டிக் மூடி தானாகத் தெறித்து வரும். அதைப் பத்திரப்படுத்துங்கள், வாரண்டிக்கு மூடி இல்லாமல் போர்டை வாங்க மாட்டார்கள். ராம் இரண்டு குச்சி என்றால் ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட். கூலரின் அடியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா? தெர்மல் பேஸ்ட் பட்டாணி அளவு போதும், கூலரிலேயே தடவி வந்திருந்தால் அதுவும் வேண்டாம்.

மதர்போர்டைக் கேபினட்டில் வைப்பதற்கு முன் அட்டைப்பெட்டியின் மேலேயே ப்ராசசர், கூலர், ஒரு ராம் மட்டும் போட்டு ஒருமுறை உயிர் வருகிறதா என்று பாருங்கள். கேபினட்டில் பித்தளைக் கால்கள் போர்டின் ஓட்டைகளுக்கு நேராக மட்டும் இருக்க வேண்டும், கூடுதலாக ஒன்று இருந்தாலும் பின்னால் ஷார்ட் ஆகும்.

எஸ்.எம்.பி.எஸ்ஸில் எட்டுப் பின் கேபிள் இரண்டு வகை. 4+4 ஆகப் பிரிவது ப்ராசசருக்கு, 6+2 ஆகப் பிரிவது கிராபிக்ஸ் கார்டுக்கு. மாடுலர் (கேபிளைத் தனியே கழற்றக்கூடிய) எஸ்.எம்.பி.எஸ்ஸை மாற்றும்போது பழைய கேபிளை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றாதீர்கள். எஸ்.எம்.பி.எஸ் பக்கத்துப் பின் வரிசைக்குப் பொது விதி கிடையாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இணைப்பு பொருந்தும், ஸ்விட்சைப் போட்டதும் ஹார்டு டிஸ்க் புகையும். பதினாறு பின் கேபிள் உள்ள கார்டாக இருந்தால் கடைசிவரை அழுத்தி, இடைவெளி தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். 2022-ல் ஆர்.டி.எக்ஸ் 4090 கார்டுகளில் இணைப்பு உருகியதற்கு அரைகுறையாகச் செருகியது ஒரு முக்கியக் காரணம்.

படி 7: பிரச்சினை வந்தால்

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும், ஒவ்வொன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு. ராமையும் கார்டையும் சேர்த்துக் கழற்றி மாட்டி, அது சரியாகிவிட்டால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. இன்னொன்று, இங்கிருந்து ஒரு பார்ட்டை வாரண்டிக்கு அனுப்பினால் திரும்பி வர வாரங்கள் ஆகும். ஆகவே காசு செலவில்லாத சோதனை எல்லாவற்றையும் முதலில் முடித்துவிடுங்கள்.

*சுத்தமாக உயிரே இல்லை.* பிளக் பாயிண்டில் டேபிள் லேம்ப் எரிகிறதா? எஸ்.எம்.பி.எஸ் பின்னால் உள்ள ஸ்விட்ச் 'ஐ' பக்கம் இருக்கிறதா? 24 பின் இணைப்பு 'டக்' என்று பூட்டியதா? அப்புறம் கேபினட்டின் பவர் பட்டன். அதன் மெல்லிய ஒயர் தவறான ஊசியில் இருப்பதும் பட்டனே செத்திருப்பதும் உண்டு. போர்டில் பவர் ஸ்விட்ச் என்று குறித்த இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு நொடி தொடுங்கள். ஓடினால் பழுது பட்டனில்.

*ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை.* வருகிற புகார்களில் பாதி இதுதான். முதலில் எச்.டி.எம்.ஐ எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். மேலே மதர்போர்டில் செருகிவிட்டுக் கார்டைச் சந்தேகிப்பது தினமும் நடக்கிறது, கீழே கார்டில் செருக வேண்டும். மானிட்டரின் இன்புட்டையும் மாற்றிப் பாருங்கள்.

அடுத்து, பொறுமை. ஏ.எம்.5 போர்டு முதல்முறை டி.டி.ஆர்.5 ராமைப் பழகிக்கொள்ள சில நிமிஷம் எடுக்கும், அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். பயந்து போய் அணைத்து அணைத்துப் போட்டால் அது ஒவ்வொரு முறையும் ஆரம்பத்திலிருந்து தொடங்கும். பத்து நிமிஷம் தொடாமல் விடுங்கள்.

பிறகு போர்டின் ஓரத்தில் சி.பி.யு, டிராம், வி.ஜி.ஏ, பூட் என்று எழுதிய நான்கு சின்ன விளக்குகளைப் பாருங்கள். எல்லாம் ஒருமுறை எரிந்து அணையும், எது நின்று எரிகிறதோ அங்கேதான் சிக்கல். டிராம் நின்றால் ஒரே ஒரு குச்சியை இரண்டாவது ஸ்லாட்டில் 'டக்' சத்தம் வரும்வரை அழுத்திப் போடுங்கள். வராவிட்டால் அடுத்த குச்சி, அடுத்த ஸ்லாட். தங்க நிற முனைகளை மென்மையான ரப்பரால் துடைத்தால் பழைய ராம் பல நேரம் எழுந்துவிடும். சி.பி.யு நின்றால் 4+4 கேபிள் செருகியிருக்கிறதா என்று பாருங்கள், மறந்துபோகிற கேபிள் அதுதான். செருகியிருந்தால், ப்ராசசர் புதியது, போர்டின் பயாஸ் பழையதா? பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டில் ஃபேட்32-ல் ஃபார்மேட் செய்த பென் டிரைவை வைத்து, ப்ராசசர் இல்லாமலேயே அப்டேட் செய்யலாம். வி.ஜி.ஏ நின்றால் கார்டைக் கழற்றிவிட்டு, ப்ராசசரில் கிராபிக்ஸ் இருந்தால் போர்டிலிருந்து டிஸ்ப்ளே எடுங்கள். படி 4-ல் சொன்ன வசதி இங்கேதான் கைகொடுக்கிறது.

ஒன்றுக்கும் அசையவில்லை என்றால் பிளக்கைப் பிடுங்கி, சி.ஆர்.2032 பேட்டரியை ஐந்து நிமிஷம் எடுத்துவிட்டுப் போடுங்கள். ராம் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்போ, எக்ஸ்.எம்.பி செட்டிங்கை மாற்றியதும் திரை போனவர்களுக்கு பெரும்பாலும் இதிலேயே தீரும்.

*விளையாடும்போது அணைந்துபோகிறது.* இதில் திரை நீலமாகி (புதிய விண்டோஸ் 11-ல் கறுப்பாகி) எர்ரர் காட்டிப் போவது வேறு, கரண்ட் போனதுபோல் சட்டென்று அணைவது வேறு. சட்டென்று அணைந்தால் வெப்பம் அல்லது மின்சாரம். வெப்பம் காட்டும் எச்.டபிள்யூ இன்ஃபோ மென்பொருளைப் போட்டு, விளையாடிக்கொண்டே அளவுகளைப் பாருங்கள். ரைசன் 7600-ன் எல்லை 95 டிகிரி, இன்டெல் 100-ஐ ஒட்டி. அங்கே போய் முட்டினால் கூலர், பேஸ்ட், தூசி. வெப்பம் சரியாக இருந்தும் அணைந்தால், எப்போது அணைகிறது என்று குறியுங்கள். சாயங்காலம் மட்டுமா? இரண்டாங்கட்டில் ஆயா மிக்ஸி போடும்போதா? மோட்டார் ஓடும்போதா? அப்படியென்றால் லைனைப் பாருங்கள், ஒரே பாயிண்டில் ஜங்ஷன் பாக்ஸுக்கு மேல் ஜங்ஷன் பாக்ஸ் தொங்குகிறதா என்று பாருங்கள். எந்த நேரத்திலும் கேம் சூடுபிடித்ததும் அணைகிறது என்றால் எஸ்.எம்.பி.எஸ். விண்டோஸின் ஈவண்ட் வியூவரில் 'கர்னல் பவர் 41' என்று இருப்பதைப் பார்த்து அதையே நோய் என்று தேட வேண்டாம். ஒழுங்காக ஷட் டவுன் ஆகாமல் அணைந்தது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லவில்லை.

அந்த எர்ரர் திரை வந்தால் எக்ஸ்போ-வை நிறுத்திவிட்டு ஒருநாள் ஓட்டுங்கள், ராத்திரி ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓடவிடுங்கள். ஒரு எர்ரர் வந்தாலும் ராம் சரியில்லை, "ஒன்றுதானே" என்று விடக் கூடாது. கார்டை ஏ.எம்.டி-யிலிருந்து என்விடியாவுக்கோ மறுபக்கமோ மாற்றியவர்கள் டி.டி.யு என்ற மென்பொருள் கொண்டு பழைய டிரைவரைத் துடைத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள்.

*ஓடுகிறது, ஆனால் எஃப்.பி.எஸ் (நொடிக்கு எத்தனை படம்) வரவில்லை.* 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் விண்டோஸில் இன்னும் 60-லேயே இருக்கும், டிஸ்ப்ளே செட்டிங்கில் மாற்றுங்கள். டாஸ்க் மேனேஜரில் ராம் வேகம் 4800 என்று காட்டினால் எக்ஸ்போ போடவில்லை. ராம் முதல் இரண்டு ஸ்லாட்டில் அடுத்தடுத்து இருக்கிறதா? இரண்டாவது, நான்காவதுக்கு மாற்றுங்கள். விளையாட்டில் எஃப்.பி.எஸ் 150 காட்டியும் எதிராளி தாவித் தாவித் தெரிகிறார் என்றால் அது நெட், கம்ப்யூட்டர் அல்ல. ரூட்டருக்கு ஒரு பிங் (சிக்னல் போய்த் திரும்பும் நேரத்தை அளப்பது) போட்டுப் பாருங்கள். வீட்டுக்குள்ளேயே ஐம்பது மில்லி செகண்ட் ஆடினால் வைஃபைதான் குற்றவாளி.

*வேலரண்ட் திறக்க மறுக்கிறது.* விண்டோஸ் 11-ல் அதற்கு டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் செக்யூர் பூட்டும் வேண்டும். பயாஸில் எஃப்.டி.பி.எம்-ஐ (இன்டெல்லில் பி.டி.டி) ஆன் செய்யுங்கள். டிஸ்க் பழைய எம்.பி.ஆர் பிரிப்பு முறையில் இருந்தால் செக்யூர் பூட்டுக்கு முன் ஜி.பி.டி-க்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் விண்டோஸ் எழும்பாது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டதால் அங்கேயே தங்கிவிடலாம் என்பதும் நல்ல யோசனை அல்ல.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஒரு பார்ட் மேல்தான் சந்தேகம் நிற்கிறது என்றால், நண்பர் வீட்டுக் கம்ப்யூட்டரில் அதைப் போட்டுப் பாருங்கள். அங்கேயும் அதே நோய் வந்தால் வாரண்டிக்கு எழுதுங்கள். என்ன சோதித்தீர்கள் என்ற தாளைப் படம் எடுத்து முதல் மெயிலிலேயே சேர்த்தால், "ராமைக் கழற்றி மாட்டிப் பாருங்கள் சார்" என்று தொடங்கும் நாலு நாள் மெயில் போக்குவரத்து மிச்சம். சீரியல் நம்பர், பில், பொருளின் நாலு பக்கமும் படம். ஆன்டி ஸ்டாட்டிக் கவரில் போட்டு, அதன் சொந்தப் பெட்டியில் வைத்து, வெளியே இன்னொரு பெட்டி. கிராபிக்ஸ் கார்டை ஒருபோதும் கேபினட்டோடு சேர்த்துக் கூரியரில் அனுப்பாதீர்கள். திருச்சி வரைக்கும் போவதற்குள் அதன் எடையே ஸ்லாட்டைப் பிளந்துவிடும்.